ஐம்பத்தெட்டுப் புள்ளி

காலை ஒன்பதே காலுக்கு எல்லாரும் நின்றுகொண்டு பேச வேண்டும் என்பது விதி. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் வேலை நடக்கும் என்று எங்கோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்து, அதற்கு ஸ்டாண்டப் என்று பெயரும் வைத்துவிட்டுப் போய்விட்டார். நம் மேனேஜரம்மாவின் டீம் நான்கு பேர், நான்கு ஊர், நான்கு வீடு. கேமராவை யாரும் திறப்பதில்லை. அவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, போர்வைக்குள் இருக்கிறார்களா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மேனேஜரம்மா மட்டும் முதல் ஒரு மாதம் நிஜமாகவே நின்றாள். ஒருநாள் சட்டைக்கு இஸ்திரி போட அறைக்குள் வந்த கணவர், "யாருக்கு இவ்வளவு மரியாதை?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜரம்மா என்ற பெயரும் கணவர் வைத்ததுதான். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து மேய்ப்பவருக்கு, நான்கு பேரை நான்கு ஊரில் வைத்து மேய்ப்பது எப்படி ஒரு உத்தியோகம் ஆகும் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. அவளுடைய அலுவலகம் படுக்கையறையின் ஒரு மூலை. இடப்பக்கம் துணி அலமாரி, வலப்பக்கம் இஸ்திரி மேசை, முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தக அடுக்கு. டைரக்டர் பேசும் நாட்களில் மட்டும் கேமராவைத் திறக்க வேண்டும் என்பதால், புத்தக அடுக்கு மட்டும் தெரியும்படி லேப்டாப்பை அளந்து வைத்திருந்தாள். இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் மடிக்காமல் கிடக்கும் மூன்று நாள் துணி ஊருக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர் பஸ்களுக்கு வீட்டிலிருந்தபடியே சீட் பிடிக்கும் இணையதளம் ஒன்றை அந்த டீம் கட்டிக்கொண்டிருந்தது. தினமும் ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதும் உண்டா.

"நேத்து பட்டன் வேலை. இன்னைக்கும் பட்டன் வேலை. தடை இல்லை" என்பார், பக்கங்களை அழகுபடுத்துகிறவர். அவருக்கு மேனேஜரம்மா மனதுக்குள் வைத்திருந்த பெயர் பட்டன்காரர். அடுத்தவர் டபுள் ஓகே. எதைக் கேட்டாலும் "ஓகே ஓகே" என்பார். செய்தாரா என்பது வேறு விஷயம். மூன்றாமவர் மௌனசாமி. பஸ்ஸில் எந்த சீட் காலி, எது போய்விட்டது என்ற உள்வேலை முழுவதும் அவர் கையில். அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் ஓடும் எழுத்துப்பெட்டியில் "அதேதான், தடை இல்லை" என்று அடித்துவிட்டுப் போய்விடுவார். வேலையில் இத்தனை அடக்கமா என்று மேனேஜரம்மா வியந்ததுண்டு.

நான்காவது ஆள் டெஸ்டர். மற்றவர்கள் செய்ததை உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. நாற்பத்தாறு வயது, டீமிலேயே மூத்தவர். எந்தப் பேச்சையும் "ஆனா" என்றுதான் தொடங்குவார் என்பதால் எல்லாருக்கும் அவர் ஆனாக்கா.

"ஆனா மேடம், நேத்து முடிஞ்சதுன்னு போட்ட அஞ்சு வேலைக் கார்டுல மூணு முடியலை. திருப்பி அனுப்பியிருக்கேன்."

இதுதான் ஆனாக்காவின் ஸ்டாண்டப். தினமும் அந்த வாக்கியம் முடிந்ததும் நான்கு ஊரிலும் ஒரே சமயத்தில் ஒரு பெருமூச்சு எழும்.

இந்த ஓட்டமெல்லாம் ஒரு வருடம் முன்பு இல்லை. அப்போது வேலையை வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய், மூன்று வேளையும் சாப்பிட்டு, ஒரு சான்றிதழோடு திரும்பினார். வந்ததும் இனி இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்றார். ஸ்பிரிண்ட் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. இரண்டு வாரம் ஓடி முடித்த அடுத்த நிமிடமே அடுத்த இரண்டு வார ஓட்டம் தொடங்கிவிடும். மாட்டைக்கூட ஒரு உழவு முடிந்தால் அவிழ்த்து விடுவார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. ஒவ்வொரு கார்டுக்கும் புள்ளி. அந்தப் புள்ளி என்ன என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. அது மணிக்கணக்கு இல்லையாம், நாள்கணக்கும் இல்லையாம். "அப்ப எதைத்தான் சார் குறிக்குது?" என்று மேனேஜரம்மா கேட்டபோது டைரக்டர் கண்ணை மூடி, "அது ஒரு உணர்வும்மா" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று போடலாம். நாலு போடக் கூடாது. ஐந்து போடலாம், ஆறும் ஏழும் கூடாது, எட்டு போடலாம், அடுத்தது பதின்மூன்று. நாலு என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் வாங்கியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முதல் ஸ்பிரிண்டில் டீம் எடுத்தது இருபத்திரண்டு புள்ளி. அடுத்ததில் இருபத்தொன்று. அதற்கடுத்ததில் இருபத்துமூன்று. அது அவர்களால் ஆன வேலை. கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. டைரக்டர் அதை கிராஃபாகப் போட்டுப் பார்த்தார். அந்த மனிதர் கிராஃபைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. மெயில் என்றால் கடைசி வரி, அறிக்கை என்றால் கடைசிப் பக்கம், கிராஃப் என்றால் மட்டும் மூக்குக்கண்ணாடி போடுவார்.

"கோடு படுத்தே கிடக்கேம்மா. பக்கத்து டீம் நாற்பது எடுக்கறாங்க" என்றார்.

பக்கத்து டீம் விளம்பரப் பக்கம் செய்கிறவர்கள். அவர்கள் உணர்வு வேறு, இவர்கள் உணர்வு வேறு. அதை அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் கோடு படுத்த இன்னொரு மேனேஜரை கம்பெனி 'விடுவித்தது' அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கம்பெனி யாரையும் வேலையைவிட்டு நீக்காது; விடுவிக்கும். ஏதோ இத்தனை நாள் ஜெயிலில் வைத்திருந்ததை அவர்களே ஒப்புக்கொள்வதுபோல.

அடுத்த ஸ்பிரிண்டுக்குப் புள்ளி போடும் கூட்டத்தில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்த பட்டன் கலர் மாத்தற வேலை ஒரு புள்ளிதானா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"மேடம், நீலத்தைப் பச்சையாக்கணும். அவ்வளவுதான்" என்றார் பட்டன்காரர்.

"எத்தனை பக்கத்துல இருக்கு அந்த பட்டன்?"

"பன்னிரண்டு."

"பாத்தீங்களா!"

பட்டன்காரர் விவரமான ஆள். "அப்ப மூணு போடலாம் மேடம்" என்றார்.

"ஓகே ஓகே, அஞ்சே போட்டுடலாம்" என்றார் டபுள் ஓகே. மௌனசாமி எழுத்துப்பெட்டியில் 5 என்று அடித்தார்.

"ஆனா மேடம், வேலை அதேதானே?" என்றார் ஆனாக்கா.

"வேலை அதேதான் அக்கா. உணர்வுதான் மாறியிருக்கு."

ஆடுகிற காலும் பாடுகிற வாயும் சும்மா இருக்காது. ஒருமுறை ருசி கண்டதும் மூன்றெல்லாம் ஐந்தாயின, ஐந்தெல்லாம் எட்டாயின. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவதற்கு எட்டுப் புள்ளி போட்ட நாளும் உண்டு. அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததே கஷ்டம் என்று அதற்கு நியாயமும் சொல்லப்பட்டது. முப்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. கிராஃப் மாடிப்படி ஏறியது. கம்பெனியின் எல்லா ஊர்க்காரர்களும் கூடிய கூட்டத்தில் டைரக்டர் அதைத் திரை முழுக்கக் காட்டி, "இதுதான் மாற்றம்!" என்றார். மேனேஜரம்மாவுக்கு மெயிலில் ஒரு கோப்பையின் படம் வந்தது. வேண்டுமென்றால் அச்செடுத்துக்கொள்ளலாமாம்.

அன்று மாலை அந்த கிராஃபைக் கணவரிடம் காட்டினாள். கணக்கு வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆள் கூட்டினீங்களா?"

"இல்லை."

"நேரம் கூட்டினீங்களா?"

"இல்லைங்க."

"அளவுநாடாவை வெட்டிச் சின்னதாக்கிட்டு, துணி வளர்ந்துடுச்சுங்கறியா?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்பதுதான் அவள் எரிச்சல்.

இந்தப் புள்ளிமழையில் நனையாத ஒரே ஆள் ஆனாக்கா. டெஸ்டிங்குக்குப் புள்ளி கிடையாது. தரம் என்பது எல்லாருடைய பொறுப்பு என்று பயிற்சியில் சொன்னார்களாம்; எல்லாருடைய பொறுப்புக்கு ஒருத்தர் பெயரில் எப்படிப் புள்ளி எழுதுவது? ஒருமுறை மேனேஜரம்மாவே, "நீங்களும் ஒரு நம்பர் சொல்லுங்களேன் அக்கா, போட்டுக்கலாம்" என்று கேட்டாள். "ஆனா மேடம், எத்தனை தப்பு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு நேரம்னு சொல்ல முடியும்? அது முன்கூட்டியே தெரிஞ்சா நான் எதுக்கு?" என்றார் அவர். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்குப் புள்ளிப் பட்டியலில் கட்டம் கிடையாது. ஒரு வாக்குவாதம் மிச்சம் என்று மேனேஜரம்மா அவர் பெயருக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டாள். அதோடு ஆனாக்கா ஒரு கார்டைத் திருப்பினால் செய்தவரின் புள்ளி அன்றைக்குக் குறையும். ஆகவே மற்ற மூவருக்கும் அவர் வாயில் மண்ணைப் போடுகிறவர்.

செவ்வாய்க்கிழமை டைரக்டர் தனியாகக் கூப்பிட்டார். மேனேஜரம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, துணிக்குவியலைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, கேமராவைத் திறந்தாள். சம்பள உயர்வுதான் என்று நினைத்தாள். பேராசை இல்லை; ஐம்பத்தெட்டுப் புள்ளிக்கு அந்த ஆசை நியாயம்தான்.

"பிரமாதம்மா. இருபத்திரண்டுல ஆரம்பிச்சு ஐம்பத்தெட்டு! அதாவது ரெண்டரை மடங்கு."

"எல்லாம் டீமோட உழைப்பு சார்."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இவ்வளவு வேகமா ஓடற டீமுக்கு இத்தனை பேர் எதுக்கு? உங்க கணக்குல அஞ்சு பேர் இருக்காங்க. நாலு போதும். ஒருத்தரை விடுவிச்சுடலாம்."

"சார், தளம் அடுத்த மாசம் வெளியே வரணும். இப்ப போய்..."

"ஐம்பத்தெட்டும்மா! நீங்களே உங்க டீமைக் குறைச்சு எடைபோடாதீங்க." அவர் முகம் அன்பால் நிறைந்திருந்தது. "யாருன்னு நான் சொல்லமாட்டேன். இது உங்க சுதந்திரம். கடைசி ஆறு ஸ்பிரிண்ட்ல யார் பேர்ல புள்ளி கம்மியோ அவங்க பேரை வெள்ளிக்கிழமைக்குள்ள மெயில்ல அனுப்பிடுங்க. நாம ஆளைப் பாத்து முடிவெடுக்கறதில்லை, எண்ணைப் பாத்துத்தான்."

அழைப்பு முடிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. யார் பேரில் பூஜ்யம் என்று அதைப் போட்ட கைக்குத் தெரியாதா? தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள கிராஃபின் கோட்டை ஏற்றினாள். அந்தக் கோட்டில் ஆனாக்கா வழுக்கி விழப்போகிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாலாவது குத்துவது தன்னை. இங்கே அவள் அதை ஆனாக்கா மடியில் கட்டியிருந்தாள்.

புதன்கிழமை ஆனாக்காவைத் தனியாக அழைத்தாள். பக்குவமாகச் சொல்லி மனதைத் தயார் செய்துவிடலாம் என்று எண்ணம். "முகம் பாத்துப் பேசலாம் அக்கா, கேமராவைப் போடுங்களேன்" என்றாள்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆனாக்காவின் அறை தெரிந்தது. அது ஒரு சாப்பாட்டு மேசை. ஒரு ஓரத்தில் கல்லூரிக்குப் போகும் மகளின் புத்தகங்கள். மேசை நீளத்துக்கு வரிசையாக ஏழு கைப்பேசிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில். ஒன்றின் கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசல் விட்டிருந்தது. ஒன்றுக்கு ரப்பர் வளையம் போட்டிருந்தது.

"இதெல்லாம் என்ன அக்கா?"

"டெஸ்ட் பண்றதுக்கு மேடம். இது எங்க அண்ணனோடது, இது நாத்தனார் தூக்கிப் போட இருந்தது, இந்த உடைஞ்சது தம்பியோடது. கம்பெனி ரெண்டு போன்தான் குடுத்துச்சு, ரெண்டும் புதுசு. ஆனா பஸ்ல போறவங்க பாதிப் பேர் இந்த மாதிரி போன்தானே வெச்சிருக்காங்க?"

மேனேஜரம்மா ஏழு போன்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"நீங்க கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு மேடம். ஒண்ணு காட்டணும்." ஆனாக்கா உடைந்த போனையும் இன்னொன்றையும் கேமராவுக்கு முன் பிடித்தார். "சிக்னல் கம்மியா இருக்கற இடத்துல இந்தத் தம்பி போன் பழைய பக்கத்தையே காட்டுது. பதினாலாம் நம்பர் சீட் காலின்னு சொல்லுது. அதுக்குள்ள இந்த போன்ல வேற ஒருத்தர் அதை எடுத்துட்டார். இப்ப இதுலயும் அமுக்கறேன், பாருங்க."

இரண்டு திரையிலும் பச்சை நிறத்தில் வாழ்த்துச் செய்தி வந்தது. இரண்டு பேருக்கும் பதினாலாம் நம்பர் சீட் உறுதி. இனிய பயணம்.

"இது முடிஞ்ச கார்டுதானே?"

"பதிமூணு புள்ளி வாங்கின கார்டு மேடம். மூணு தடவை திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் முடிஞ்சதுன்னு திரும்பி வந்துடுச்சு. என் மேல கோபமாக்கூட இருக்கும். ஆனா ரெண்டு குடும்பம் குழந்தைகுட்டியோட பஸ்ல ஏறி ஒரே சீட்டுக்கு நின்னா, அவங்ககிட்ட போய் நம்ம கிராஃபைக் காட்ட முடியுமா?"

"முடியாது அக்கா" என்றாள் மேனேஜரம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லி அழைப்பை முடித்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷி சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் கழித்துப்போட்ட போன்களைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அவர் பெயருக்கு எதிரில் அவள் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதில், எதற்கும் ஆமாம் போடத் தெரியாத ஒருவருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை மதியம்வரை அவள் மெயில் எழுதினாள். அழித்தாள். எழுதினாள். முதல் பத்தியில் உண்மையை வைத்தாள்: வேகம் கூடவில்லை, புள்ளியைத்தான் கூட்டினோம், அதைத் தொடங்கிவைத்தது நான், பழைய அளவில் பார்த்தால் டீம் இன்றும் இருபத்துமூன்றைத் தாண்டவில்லை. இரண்டாம் பத்தியில் பதினாலாம் நம்பர் சீட்டைப் பற்றியும் ஆனாக்காவின் ஏழு போன்களைப் பற்றியும் எழுதினாள். மூன்றாம் பத்திக்கு வரும்போது கோபம் தலைக்கேறியிருந்தது. பெயர் கேட்டாரே, கொடுத்துவிடுவோம் என்று கடைசி வரியாக இப்படி அடித்தாள்: "புள்ளி இல்லாதவர்தான் போக வேண்டும் என்றால், கடைசி ஆறு ஸ்பிரிண்டில் என் பெயரிலும் ஒரு புள்ளிகூட இல்லை, என்னையே விடுவித்துவிடுங்கள்."

அது உண்மையும்கூட. மேனேஜருக்கு யார் புள்ளி போடுகிறார்கள்? இந்த வரியைப் படித்தால் மனிதர் பதறிப்போய்க் கூப்பிடுவார், 'என்னம்மா இப்படி எழுதிட்டீங்க' என்பார், அப்போது எல்லாவற்றையும் நேரில் உடைத்துப் பேசிவிடலாம் என்பது அவள் கணக்கு. அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கட்டைவிரல் உயர்த்திய ஒரு சின்னப் படம். அதற்குக் கீழே, "ஒப்புதல். எண்ணைப் பார்த்து முடிவெடுத்ததற்குப் பாராட்டுகள்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் விரலால் கெட்டாள். திரையை மூன்று தடவை படித்தாள். கேலியாக இருக்குமோ என்று பார்த்தாள். டைரக்டருக்குக் கேலி வராது. அஞ்சு பேர் என்று அவர் சொன்னபோது அவளையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது ஒரு பெயர், கிடைத்தது ஒரு பெயர், கார்டு முடிந்தது.

கணவரிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"போய் கைதவறி எழுதிட்டேன்னு சொல்லேன்."

"சொன்னா அந்தக்கா பேரைக் கேப்பார்."

அவர் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி வைத்தார். "அப்ப சரி" என்றார். அழுகை வந்தது அவளுக்கு. நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவெல்லாம் இல்லை. ஆத்திரம்தான்; அந்த ஆளின் மேல் பாதி, தன் மேல் பாதி. நல்லதே செய்ய நினைத்திருந்தால் இப்படி இடறி விழுந்தா செய்வார்கள்?

கடைசி நாள் ஸ்டாண்டப்பில் அவள் விஷயத்தைச் சொன்னதும், யாரும் கேட்காமலே நான்கு கேமராவும் திறந்தன. மௌனசாமி ஒரு சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே விடிந்தும் விடியாத வெளிச்சம். அவர் இருக்கும் வெளிநாட்டு ஊரில் நேரம் மூன்றரை மணி பின்னால் என்பது எல்லாருக்கும் தெரியும்; தெரிந்தும் யாரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய்க்கு அருகே கையை வைத்துக் கிசுகிசுத்தார்.

"மேடம், அந்த சீட் தப்பு என்னோடதுதான். புள்ளி போயிடுமேன்னு மூடி மூடி அனுப்பினேன். நேத்து முழுக்க உக்காந்து சரி பண்ணிட்டேன்."

"ஆனா இன்னும் ரெண்டு போன்ல பாக்கணும்" என்றார் ஆனாக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரும் பெருமூச்சு விடவில்லை.

கூட்டத்தை இனி ஆனாக்கா நடத்துவார் என்று டைரக்டர் அறிவித்தார். அவர் பேரில் புள்ளி இல்லாததால் அவருக்குத்தான் நேரம் நிறைய இருக்குமாம். ஆனாக்கா முதல் வேலையாக ஸ்டாண்டப்பை மௌனசாமி வீட்டில் குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு வைத்தார். இரண்டாவது வேலையாகப் பட்டன் கலருக்கு ஒரு புள்ளி போட்டார். இதெல்லாம் பட்டன்காரர் ஃபோனில் சொல்லித்தான் மேனேஜரம்மாவுக்குத் தெரியும். தளமும் வெளியே வந்துவிட்டது, சீட் தகராறு எதுவும் இல்லை என்றார். அவள் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். போகிற இடமெல்லாம், உங்கள் டீமின் வேகம் என்ன என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து டைரக்டர் கூப்பிட்டார்.

"என்னம்மா, சௌக்கியமா? நீங்க போனதும் டீம் படுத்துடுச்சும்மா. ஐம்பத்தெட்டு இருபத்திரண்டாயிடுச்சு. கஸ்டமர் என்னவோ சந்தோஷமாத்தான் இருக்கார், புகாரே இல்லைங்கறார். ஆனா கிராஃப்! இந்த டெஸ்டரம்மாவை விடுவிச்சுட்டு உங்களையே திரும்பக் கூப்பிடலாம்னு இருக்கேன். சம்பளமும் பாத்துப் பண்ணலாம். எப்ப சேர்றீங்க?"

மூன்று மாதமாக அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"சார், அன்னைக்கு நான் அனுப்பின மெயிலைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. அதான் ஒப்புதல் குடுத்தேன்."

"கடைசி வரிக்கு மேல ரெண்டு பத்தி இருக்கு சார்."

"அப்படியா? நீளமா இருந்துச்சு..." மறுமுனையில் தேடும் சத்தம். அவர் ஏதோ முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பாதியில் நின்றது. "என்னம்மா இது, ஒண்ணும் பிடிபடலையே. ஒரு கிராஃபா போட்டுக் குடுங்களேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு கோடு புள்ளிக்கு: ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், விழுந்தது. இன்னொரு கோடு ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் நிஜமாகவே முடிந்த வேலைக்கு: முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டத்தில். அவள் இருந்த கடைசி மாதங்களில் மட்டும் அது கொஞ்சம் பள்ளத்தில் இறங்கி, ஆனாக்கா வந்ததும் மேலே வந்திருந்தது. பட்டன்காரர் சொன்ன கணக்கை வைத்து அதையும் மறைக்காமல் போட்டாள். மொத்தம் பத்து நிமிட வேலை. அனுப்பினாள்.

டைரக்டர் கண்ணாடியை எடுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்ப யாரும் வேகமா ஓடவே இல்லையா?"

"இல்லை சார். நான்தான் ஓடினதா காட்டினேன்."

"அப்ப டெஸ்டரம்மா வந்து எதுவும் கெடலை?"

"கெட்டதே நான் இருந்தப்பதான். அங்க வேலை செய்யறவங்க நாலு பேர் சார். அந்த நாலு பேரும் வேணும். கூட்டத்தை அந்தக்காவே நடத்தட்டும். எனக்கு அங்க வேலை இல்லை."

சொல்லி முடித்தபோது அறை வாசலில் கணவர் நிற்பது தெரிந்தது.

டைரக்டர் குழந்தையைப் போல் மனத்தாங்கலோடு கேட்டார். "இவ்வளவு எளிசா புரியற விஷயத்தை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

சொன்னேனே சார் என்று சொல்ல வாயெடுத்தாள் மேனேஜரம்மா. கடைசி வரியைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர் அவர் என்பது அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்துதான் உண்மையை முதல் பத்தியில் வைத்திருந்தாள்.